எடுத்துடு

4 மார்ச்

மச்சான்,

நலமா என்று கேட்டுத் தொடங்குவது வழக்கம். நீ நலமில்லை என்று எனக்குத் தெரியும். யாரால் என்றும் தெரியும். அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன்.

உன் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், வாய் திறக்க முடியாது என்று நம் டிரைவர் சொன்னார். என் போனைப் போலீஸ் வாங்கி வைத்திருக்கிறது. உன் அக்கா உன் கட்டிலைவிட்டு நகர மாட்டாளாம், என் முகத்திலும் விழிக்க மாட்டாளாம். மிச்சம் இருப்பது காகிதமும் டிரைவரும்தான். அவர் பிரித்துப் படிக்க மாட்டார். படித்தாலும் வெளியே சொல்ல மாட்டார்.

வெள்ளிக்கிழமை நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தரையில் கிடந்ததைத்தான் பார்த்தாய். நடந்ததைப் பார்த்தவன் நான், சொல்கிறேன்.

செம்புக்காரன் அனுப்பிய ஆட்கள் நம் பழைய இரும்பு யார்டின் கேட்டை லாரியால் இடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஏலத்தில் அவனுக்கு எதிராக நான் கை தூக்கியதிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை, உனக்கும் தெரிந்ததுதான். அவர்கள் கையில் அறுத்த இரும்புக் கம்பித் துண்டுகள். எடைமேடைக்காரரின் முழங்காலை முதலில் உடைத்தார்கள். காய்ந்த கிளை முறிகிற சத்தம் வந்தது. நான் ஓடினேன். ஓடினேன் என்று எழுத எனக்கு வெட்கம் இல்லை. செம்புக் கம்பிச் சுருளில் கால் மாட்டி மல்லாக்க விழுந்தேன். மொட்டைத்தலையன் ஒருத்தன் என் நெஞ்சில் மிதித்து நின்று, மண்டைக்கு நேராகக் கம்பியை ஓங்கினான். கேபினில் இருந்த நம் கிரேன் ஆபரேட்டர் கொக்கி, கிரேனின் இரும்பு நகத்தை அவன் மேல் விட்டான். லாரி என்ஜினையே கவ்வித் தூக்குகிற நகம். அவன் ரத்தம் என் வாய்க்குள் போனது. இத்தனை வருஷமாக இரும்பு விற்கிறேன், அன்றைக்குத்தான் அதன் ருசி தெரிந்தது.

இப்போது கொக்கி லாக்கப்பில். நான் கை காட்டினேனாம், அவன் கொன்றானாம். புகார் செம்புக்காரனுடையது, எழுதியது இன்ஸ்பெக்டர்.

அது கொலை இல்லை என்று சொல்லக் கேமராவைத் தவிர நாதியில்லை. எல்லாம் நம் சர்வரில், ஆபீஸில் எல்லோரும் திறக்கிற அந்தப் பொது ஃபோல்டரில் பதிவாகி இருந்தது. ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டே உனக்குப் போன் போட்டுப் பத்திரப்படுத்தச் சொன்னேன். மறுநாள் காலையில் தலையில் கட்டோடு நேரே ஆபீஸ் வந்து "எங்கடா?" என்றால், "அழிச்சாச்சு அத்தான்" என்கிறாய். முகத்தில் ஒரு சிரிப்பு வேறு!

அடித்தேன். ஒரே அடி. கையில் பித்தளை வால்வு இருந்தது என் புத்தியில் இல்லை. அதற்கு மேல் அடித்தேன் என்று எவன் சொன்னாலும் நம்பாதே.

எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. செம்புக்காரன் உனக்கு என்ன தருவதாகச் சொன்னான்? அழித்தது திரும்ப வருமா? கடைத்தெரு கம்ப்யூட்டர்காரன், ஒரு மென்பொருளை ஏற்றி ஓட விட்டால் வந்துவிடும் என்கிறான். நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

அத்தான்

5 மார்ச்

அத்தானுக்கு,

உறிஞ்சுகுழாயில் கஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டே எழுதுகிறேன். கட்டிலின் தலைமாட்டில் ஒரு கம்பி வெட்டும் கத்தரி தொங்குகிறது. வாந்தி வந்தால் வாய் திறக்காமல் மூச்சடைத்துச் செத்துப்போவேனாம். அப்போது வெட்டிவிடுவதற்கு. அக்கா அதைப் பார்த்தபடியேதான் கண் அயர்கிறாள்.

ஒரே அடியா? எனக்கு மூன்று ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் ஞாபகமே இல்லை. இடது பக்க விலா எலும்புகள் என்னத்தில் மோதி உடைந்தன என்று டாக்டர் கேட்டார். படிக்கட்டில் விழுந்தேன் என்று எழுதிக் காட்டினேன். உங்களுக்காக இல்லை. அக்கா பக்கத்தில் நின்றாள்.

செம்புக்காரன் எனக்கு என்ன கொடுத்தான் என்று கேட்கிறீர்கள். அவன் ஒன்றும் கொடுக்கவில்லை. உத்தரவு கொடுத்தது நீங்கள். ஆம்புலன்ஸிலிருந்து என்னை அழிக்கச் சொன்னீர்கள். மறுநாள் ஆபீஸ் ஆட்கள் வாசலில் நிற்கும்போது என் தாடையை உடைத்து, "பாருங்கள், இவன்தான் அழித்தான், நான் இல்லை" என்று காட்டிக்கொண்டீர்கள். எந்த வியாபாரத்திலும் கை சுடாமல் வெளியே வருகிறவர் என்று அக்கா உங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்வாள். இப்போது புரிகிறது. சுடுவதற்கு என் கையை வைத்துக்கொள்கிறீர்கள்.

அழிப்பதற்கு முன்னால் கடைசிக் கொஞ்சத்தைப் பார்த்தேன். நகம் விழுகிறது, மனுஷன் இரண்டாகிறான். அதற்கு மேல் பார்க்கத் தெம்பில்லை. இது கொலை, இது வெளியே வந்தால் கொக்கியும் தொங்குவான், நீங்களும் தொங்குவீர்கள், அக்கா என்ன செய்வாள் என்று நினைத்துத்தான் பட்டனை அமுக்கினேன்.

உங்களுக்கு உதவ எனக்கு இஷ்டம் இல்லை. ஆனால் சாமானைப் பாழடிப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்கவும் முடியவில்லை. அதனால் ஒன்று மட்டும். கடைத்தெருக்காரனைத் தொட விடாதீர்கள்.

அவரவர் கம்ப்யூட்டரில் அழித்தது குப்பைத்தொட்டியில் கிடக்கும், எடுத்துக்கொள்ளலாம். பொது சர்வரில் இருப்பதை நெட்வொர்க் வழியாக அழித்தால் அது எந்தத் தொட்டிக்கும் போகாது. அதற்காக மாயமாகிவிட்டது என்றும் இல்லை. உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். யார்டில் ஒரு குவியல், அதன் மேல் ஒரு பெயர்ச்சீட்டு. நான் பிடுங்கினது சீட்டை மட்டும்தான். குவியல் அங்கேயேதான் கிடக்கிறது. ஆனால் சீட்டு இல்லாத இடத்தைக் காலி மனை என்று நினைத்து அடுத்து வருகிற லாரிக்காரன் அதன் மேலேயே கொட்டிவிடுவான். அந்த மெஷின் ஓடினால் ஒவ்வொரு கேமராவும் ஒரு லாரி. மீட்கிற மென்பொருளை அதிலேயே ஏற்றினால் அதுவும் ஒரு லாரி. கொட்டக் கொட்ட அடியில் இருப்பது நசுங்கும். பிளக்கைப் பிடுங்கிப் போடுங்கள்.

மீட்டுத் தர மாட்டேன். இன்ஸ்பெக்டர் வந்து கேட்டால், அத்தான் சொல்லித்தான் அழித்தேன் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன்.

6 மார்ச்

டேய்,

மச்சான் என்று எழுதக் கை வரவில்லை.

நான் அழிக்கச் சொன்னேனா? என் மண்டைக்கு மேல் கம்பி நின்றதை அந்தக் கேமரா ஒன்றுதான் பார்த்தது. அதை நானே அழிக்கச் சொல்வேனா? எனக்கு என்ன கிறுக்கா? ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு இப்படி ஒரு பொய்யைச் சொல்ல உனக்கு எவன் சொல்லிக் கொடுத்தான்? உன் தாடையில் நல்ல பக்கம் ஒன்று மிச்சம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அங்கே வந்தேன் என்றால் அதையும் கட்ட டாக்டருக்குக் கம்பி போதாது.

கடைத்தெருக்காரன் திருப்புளியோடு குனிந்திருந்தபோது உன் கடிதம் வந்தது. முதல் பக்கத்தோடு நிறுத்தியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன். லாரி, குவியல் என்று நீ எழுதியதைப் பார்த்ததும் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கி வெளியே போட்டேன். "சார், நான் ஸ்விட்சைக்கூட இன்னும் போடலை சார்!" என்று கத்திக்கொண்டே ஓடினான். போடவில்லை என்பது உண்மைதான். பிளக் ஏற்கெனவே பிடுங்கித்தான் கிடந்தது. யார் பிடுங்கினார்கள் என்று தெரியவில்லை. பெட்டியைத் தூக்கி என் நாற்காலிக்கு அடியில் வைத்து, அதன் மேல் காலை வைத்துக்கொண்டுதான் வியாபாரம் பார்க்கிறேன்.

இன்றைக்கு வக்கீலோடு போய்க் கொக்கியைப் பார்த்தேன். உள்ளங்காலில் அடித்திருக்கிறார்கள். நிற்க முடியாமல் முட்டி போட்டு நகர்ந்து வந்தான். லாக்கப் கம்பியைப் பிடித்த கையில் இரண்டு விரலுக்கு நகம் இல்லை.

"முதலாளி, நீங்க கை காட்டினதா ஒரு கையெழுத்துப் போடச் சொல்றாங்க. போட்டா அதுக்கப்புறம் அடிக்க மாட்டாங்களாம்."

"போட்டுத் தொலைக்க வேண்டியதுதானேடா? அப்புறம் கோர்ட்டுல மாத்திச் சொல்லிக்கலாம்."

"எப்படி முதலாளி போடுறது? நீங்க காட்டலையே."

நான் வெளியே வந்து வக்கீல் காரின் கண்ணாடியைக் கையால் உடைத்தேன். அதற்கும் அந்த ஆள் பில் அனுப்புவார். உனக்கு என் மேல் என்ன வஞ்சம் இருந்தாலும் இருக்கட்டும். அவன் உனக்கு என்ன செய்தான்? உன் பைக்கைக் கிரேனில் தூக்கி மாடியில் வைத்தானே, அந்த விளையாட்டுக்கா இப்படி?

திரும்ப வருமா வராதா? அதை மட்டும் எழுது.

8 மார்ச்

அத்தானுக்கு,

நேற்று பார்வையாளர் நேரத்தில் ஒரு ஆள் பழப்பையோடு வந்தான். சுத்தமான சட்டை, வாசனை வேறு. அக்கா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, தலையணையைச் சரிசெய்கிற மாதிரி என் தாடையின் கீழ் கட்டைவிரலை வைத்தான்.

"பேச முடியாதுன்னு சொன்னாங்க. பேச வேண்டாம். தலையை ஆட்டினா போதும். அந்த சர்வர் டிஸ்க்கு யார்டுலயே இருக்கா?"

நான் ஆட்டவில்லை. அழுத்தினான். கம்பிக்குள்ளே எலும்பு நகர்வது காதுக்குக் கேட்டது. கத்தவும் வழியில்லை. வாய் கட்டியிருக்கும்போது வலி வெளியே போக இடமில்லாமல் கண்ணுக்குள் போய் முட்டுகிறது.

"அதுல இருந்து எதையும் திரும்பக் கொண்டு வர முடியுமா? முடியும்னா உன் கையில விரல் இருக்காது. முடியாதுன்னா உனக்கு ஒரு புது வேலை இருக்கு. எங்க முதலாளி நல்லா பார்த்துக்குவாரு."

அப்போது அக்கா வந்துவிட்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுடுதண்ணீர் ஃபிளாஸ்கை அவன் உச்சந்தலையில் இறக்கினாள். உள்கண்ணாடி உடைந்து கொதிநீர் அவன் கழுத்து வழியாக இறங்கியது. அவன் எழுந்ததும், முகத்தில் இன்னொன்று. வார்டே எழுந்து நின்றது. நர்ஸ் வந்து, "என்னம்மா இது, ஆஸ்பத்திரியா சந்தைக்கடையா?" என்றாள். "ஃபிளாஸ்க் வழுக்கிடுச்சு" என்றாள் அக்கா. "ரெண்டு தடவையா?" "ஆமா, ரெண்டு தடவை வழுக்கிச்சு."

அவன் போன பிறகு, விட்ட இடத்திலிருந்து திரும்ப யோசித்தேன். அந்த வீடியோவில் இருப்பது கொலை என்றால், அதைத் தேடிக் கண்டுபிடித்துக் கோர்ட்டில் போட்டுக் காட்ட வேண்டியவன் செம்புக்காரன். அவன் எதற்கு அது அழிந்ததா என்று ஆள் விட்டு உறுதி செய்துகொள்கிறான்? அவனுக்கு அது வெளியே வரக் கூடாது என்றால், அதில் இருப்பது உங்களுக்குச் சாதகம். நீங்கள் எழுதினது உண்மை. கம்பி ஓங்கப்பட்டது. நான் பார்க்காமல் விட்ட பகுதியில் அது இருக்கிறது.

அப்படியானால் நீங்கள் ஏன் அழிக்கச் சொன்னீர்கள்? இதுதான் இரவெல்லாம் குடைந்தது. நீங்கள் போனில் பேசினதை ஒரு சொல் மாறாமல் எழுதுகிறேன். ஆம்புலன்ஸ் சத்தத்துக்கு நடுவே, வாயில் ரத்தத்தோடு, இப்படித்தான் சொன்னீர்கள்:

"போலீஸ் வர்றதுக்குள்ள கேமராவுல இருக்கிறது எல்லாத்தையும் எடுத்துடு. ஒண்ணு விடாம எடுத்துடு. செம்புக்காரன் கையில சிக்கக் கூடாது."

எடுத்துடு என்றீர்கள், அத்தான்.

ஆபீஸில் நீங்கள் என்னிடம் தினமும் சொல்கிற சொல். "அந்தப் பழைய ரேட்டை எடுத்துடு." "இந்த ஆளு இனிமே நம்ம கஸ்டமர் இல்லை, பேரை எடுத்துடு." ஒவ்வொரு தடவையும் அழித்தேன். ஒவ்வொரு தடவையும் சரி என்றீர்கள். இந்தத் தடவை என்ன அர்த்தத்தில் சொன்னீர்கள்?

10 மார்ச்

மச்சான்,

உன் கடிதத்தை எடைமேடை மேல் நின்று படித்தேன். படித்து முடித்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எடைமேடைக்காரருக்குப் பதிலாக உள்ளே இருந்த ஆள் ஜன்னலைத் திறந்து, "முதலாளி, ஏறி உக்காந்து எடை பார்க்கறீங்களா?" என்றான்.

ஏலத்தில் உன் காதோடு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், "அந்த லாட்டை எடுத்துடு" என்று? நம் தொழிலில் எடுத்துடு என்றால் விடாதே, அடுத்தவன் கை படுமுன் நம் யார்டுக்குள் கொண்டு வந்து போடு. குப்பை பொறுக்கின காலத்திலிருந்து எனக்கு அது ஒன்றுதான் அர்த்தம். அன்றைக்கு நான் பேசினது ஏலக்காரனாக. நீ கேட்டது ஆபீஸில் உட்கார்ந்து. "எடுத்து வை" என்று சொல்லியிருக்கலாம். ரத்தத்தைத் துப்பிக்கொண்டு பேசுகிறவனுக்கு "வை" வரவில்லை.

தப்பு என்னுடையது என்று எழுதச் சொல்கிறது மனசு. பாதி என்று எழுதுகிறேன். மிச்சப் பாதியைப் பிறகு பேசித் தீர்த்துக்கொள்வோம்.

ஆனால் அந்த ஆள் உன் தாடையில் கட்டைவிரல் வைத்ததற்குப் பேச்சு ஒன்றும் இல்லை. அவன் யார் என்று விசாரித்துவிட்டேன். இன்று விடிந்ததும் அவனே வந்தான், கழுத்தில் கொப்புளத்தோடு. உன் அக்கா நன்றாகத்தான் ஊற்றியிருக்கிறாள். கூட நாலைந்து பேர். ஆபீஸ் கதவில் பெட்ரோல் பாட்டிலை எறிந்தார்கள். திரைச்சீலையும் மேஜையும் பிடித்துக்கொண்டன. நான் உள்ளே ஓடிப் பெட்டியைத் தூக்கினேன். சூடு ஏறிப் போயிருந்த தகரம், முன்னங்கைத் தோல் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வாசலில் அவன் கத்தியோடு நின்றான். இரண்டு கையிலும் பெட்டி. அடிக்கக் கை இல்லை. தலையால் அவன் மூக்கில் முட்டினேன். அவன் மேலேயே விழுந்து, முழங்காலை அவன் தொண்டையில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தேன். கண் பிதுங்கியது. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் கொக்கிக்குப் பக்கத்து அறை எனக்கு. நம் ஆட்கள் வந்து இழுத்துவிட்டார்கள். என்னைக் காப்பாற்றினார்களா அவனைக் காப்பாற்றினார்களா என்று தெரியவில்லை.

இந்த முறை நான் கத்தி வைத்திருந்தவனைத்தான் அடித்தேன் என்பதை உன் அக்காவிடம் சொல்லு.

பெட்டியை டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். மேலே கரி பிடித்திருக்கிறது, உள்ளே எப்படியோ. அவர் உன் அறை வாசலிலேயே இருப்பார், வேலை முடியும்வரை. அவர் ஸ்பேனரோடு வருகிறார், பயப்படாதே.

கொக்கியை நாளை மறுநாள் திரும்பக் கஸ்டடி கேட்கிறார்கள். கையெழுத்து விழும்வரை அடிப்பார்கள். அவன் போட மாட்டான். அதுதான் எனக்குப் பயம்.

13 மார்ச்

அத்தானுக்கு,

கஸ்டடியை வக்கீல் தள்ளிப் போட்டுவிட்டார், டிஸ்க் எங்களிடம் இருக்கிறது என்று சொல்லி. வருகிற திங்கட்கிழமை கோர்ட்டில் காட்ட வேண்டும். அக்கா என்னை ஆஸ்பத்திரியிலிருந்து டிரைவர் வீட்டு மாடிக்குக் கூட்டி வந்துவிட்டாள்.

டிஸ்க் பிழைத்திருக்கிறது. அதைக் கழற்றி, ஒரு எழுத்துக்கூட அதில் எழுத முடியாதபடி பூட்டி, படிக்க மட்டும் விட்டு, இன்னொரு டிஸ்க்கில் அச்சு அசலாகப் பிரதி எடுத்தேன். (பாருங்கள், இங்கேயும் எடுத்தேன்.) மீட்டதெல்லாம் பிரதியிலிருந்து. அசல் டிரைவரின் மடியில் இருக்கிறது. சாப்பிடும்போதுகூட இறக்கி வைக்க மாட்டேன் என்கிறார்.

திரும்பி வரும் ஃபைல்களுக்குப் பெயர் இருப்பதில்லை. வெறும் எண்கள். எது யார்டு, எது கேட், எது எந்த நாள் என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். நானும் அக்காவும் உட்கார்ந்து பார்த்தோம். கிடைத்துவிட்டது.

கேட் உடைகிறது. எடைமேடைக்காரர் கீழே விழுகிறார். நீங்கள் ஓடுகிறீர்கள், கம்பிச் சுருளில் விழுகிறீர்கள். மொட்டைத்தலையன் நெஞ்சில் மிதிக்கிறான். கையில் கம்பி இருக்கிறது, இன்னும் உயரவில்லை.

அங்கே படம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. திரும்பி வரும்போது நகம் பாதி தூரம் இறங்கிவிட்டது.

கம்பி ஓங்குகிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் இல்லை. அதன் மேல் ஒரு லாரி கொட்டியிருக்கிறது. எந்த லாரி என்று பார்த்தேன். ஆபீஸ் கேமரா. நான் அழித்ததற்கு மறுநாள் காலை.

நீங்கள் உள்ளே வருகிறீர்கள், தலையில் கட்டு. "எங்கடா?" என்கிறீர்கள். நான் சிரிப்பதும் தெரிகிறது. நீங்கள் உயிரோடு, உங்கள் காலில் நடந்து வந்ததைப் பார்த்துச் சிரித்தேன். வேறொன்றும் இல்லை. "அழிச்சாச்சு அத்தான்." முதல் அடி. நாற்காலியோடு விழுகிறேன். வாயிலிருந்து ஏதோ தெறித்துச் சுவரில் படுகிறது. பல்.

பேரம் பேச வருகிறவர்கள் நீங்கள் எழுந்து போனதும் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்க, காது உள்ள கேமராவாகப் பார்த்து வாங்கி மாட்டினீர்களே, அது ஒரு சொல் விடவில்லை. நீங்கள் கத்துகிறீர்கள்:

"அவன் கம்பியை ஓங்கினது அதுலதான்டா இருக்கு! என் மண்டைக்கு நேரா ஓங்கினான்டா! கொக்கி மட்டும் இல்லேன்னா நான் பொணம்! அவன் உசிரே அதுலதான் இருக்கு, அதைப் போய் அழிச்சிட்டு சிரிக்கிறியே!"

ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மிதி. எத்தனை என்று நான் எண்ணவில்லை. அக்கா எண்ணினாள். நான் மேஜைக்கு அடியில் ஊர்ந்து போகிறேன். காலைப் பிடித்து வெளியே இழுக்கிறீர்கள். பிடிமானத்துக்கு நான் எதையோ பற்றிக்கொள்கிறேன். சர்வர் வயர். படம் அணைகிறது.

பிளக்கைப் பிடுங்கினது யார் என்று கேட்டிருந்தீர்கள். நான்தான். நீங்கள் அடித்த அடி அந்தக் காட்சியைத் தின்றது. நீங்கள் இழுத்த இழுப்பு மற்றதைக் காப்பாற்றியது.

படம் நின்றதும் அக்கா எழுந்து போய்க் கை கழுவினாள். அவள் கையில் ஒன்றும் இல்லை. வெகுநேரம் கழுவினாள்.

வக்கீலிடம் எழுதிக் காட்டினேன். யார்டு படத்தை மட்டும் கொடுத்தால், முக்கியமான இடத்தில் நீங்களே வெட்டிவிட்டீர்கள் என்பார்களாம், கொக்கி தப்ப மாட்டானாம். முழு டிஸ்க்கையும், ஆபீஸ் படத்தோடு கொடுத்தால், யாரும் வெட்டவில்லை, அதன் மேல் இது விழுந்தது என்று நிரூபிக்கலாம். வழக்கு என்ன ஆகும் என்று யோசிக்கக்கூட நேரமில்லாமல், கோபத்தில் நீங்கள் கத்தின அந்த வார்த்தைகளை விடப் பெரிய சாட்சி கிடையாது என்கிறார். ஆனால் அதைக் காட்டினால் உங்கள் மேல் தனி வழக்கு விழும். நான் புகார் கொடுக்காவிட்டாலும் விழும். ஜாமீன் கிடைப்பது கஷ்டம் என்றார்.

எனக்கு உங்கள் மேல் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் முடிவு உங்களுடையது. பிரதி என்னிடம் இருக்கிறது. ஆபீஸ் படத்தை என்ன செய்யட்டும்? ஒரே சொல்லில் பதில் எழுதாதீர்கள்.

14 மார்ச்

மச்சான்,

அழிக்காதே. வெட்டாதே. மறைக்காதே. டிஸ்க்கை அப்படியே வக்கீல் கையில் கொடு. கொடு என்பதற்கு இரண்டு அர்த்தம் இல்லை என்று நினைக்கிறேன். உனக்குச் சந்தேகம் வந்தால் டிரைவரைக் கேள், அவரிடம் வாயாலும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

உள்ளதை எழுதுகிறேன். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, ஆபீஸ் படம் இல்லாமல் சமாளிக்க முடியுமா என்பதுதான். வக்கீலைக் கேட்டேன். முடியாது என்றார். இன்னொரு வக்கீலைக் கேட்டேன். அவரும் முடியாது என்றார், அதற்கும் ஃபீஸ் வாங்கினார். பெட்ரோல் பாட்டில் நெருப்பிலேயே அந்தப் பெட்டியை விட்டிருந்தால் என்ன என்றுகூட ஒரு நினைப்பு வந்து போனது. அதற்குள் கொக்கி முட்டி போட்டு நகர்ந்து வந்து, "நீங்க காட்டலையே" என்று சொன்னது கண்ணில் நின்றது. நகம் இல்லாத விரலோடு அவன் எனக்காக ஒரு கையெழுத்தைப் போடவில்லை. உன்னை அடித்தது நான்தான் என்று நான் அவனுக்காக ஒன்றைப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

ஒரே அடி என்று எழுதினேன். உன் அக்கா எண்ணினது எத்தனையோ, அதுதான் சரி. அவள் கணக்கில் இதுவரை நான் குறை கண்டதில்லை.

இனிமேல் வேலை. யார்டுச் சாவி டிரைவரிடம். நான் வரும்வரை நீதான் பார்க்க வேண்டும். பேச முடியாதவன் எப்படி வியாபாரம் பார்ப்பது என்று கேட்காதே. பேசாதவனைத்தான் எவனாலும் பேரத்தில் ஜெயிக்க முடியாது. செம்புக்காரன் சமாதானம் பேச வருவான், மாலையோடு வந்தாலும் வருவான். உட்கார வை, தண்ணீர் கொடு, தலையை மட்டும் ஆட்டாதே. எடைமேடைக்காரருக்கு முழங்கால் சரியாகும்வரை உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடு. கொக்கி வெளியே வந்ததும் நேரே கிரேனில் ஏற்றாதே. கால் ஆறட்டும். ஏறுவேன் என்று அடம் பிடிப்பான், ஏணியை எடுத்து

இல்லை. ஏணியைக் கழற்றி உள்ளே பூட்டி வை.

நம் கடையில் இன்று முதல் ஒரு சட்டம். வாங்குவதானால் வாங்கு. வைப்பதானால் வை. அழிப்பதானால் அழி. அந்த ஒரு சொல்லை ஒருத்தரும் வாயில் வைக்கக் கூடாது, முதலாளி உட்பட. பெரிதாக எழுதி எடைமேடையில் மாட்டு.

படத்தைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் வருவார். நான் யார்டில்தான் இருப்பேன். ஓட மாட்டேன். ஓடினால் எங்கே கால் மாட்டும் என்று எனக்குத் தெரியும்.

எரிந்த ஆபீஸைச் சரிசெய்யும்போது அந்தக் காது உள்ள கேமராவைப் பழைய இடத்திலேயே மாட்டச் சொல், என் நாற்காலியைப் பார்த்தபடி. கம்பியை வெட்டி உனக்கு வாய் திறந்ததும், என்னைத் திட்ட உன்னிடம் நிறைய இருக்கும். உன் அக்காவிடமும் இருக்கும். இரண்டு பேரும் அங்கே உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, சத்தமாகத் திட்டுங்கள். அழிக்காமல் வை. நான் வந்து முழுசாகப் போட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

அத்தான்